பதினேழாம் நம்பர் இடம்

ஒரு மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதை அவன் கட்டிய வீடு சொல்லாது. சேர்த்த சொத்து சொல்லாது. பெற்ற பிள்ளைகள் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். கடைசியில் அவன் தன் வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினான் என்பது ஒன்றுதான் சொல்லும்.

இந்த வாக்கியத்தை வெர்லின் டோஃப்டே அருளியபோது அவருடைய தலை காலைவிடத் தாழ்ந்திருந்தது. அவர்கள் வண்டி நின்றிருந்த நாற்பத்தொன்றாம் நம்பர் இடம் பின்பக்கமாகச் சரிவு. ஆர்டிஸ் கணவரின் முதுகுக்குக் கீழே இன்னொரு தலையணையைச் செருகிக்கொண்டிருந்தாள். வெளியே கழிப்பறைக் கட்டடத்தின் இரும்புக் கதவு, யாரோ காலைக் கடனை முடித்துவிட்டதைப் படீரென்று முகாமுக்கு அறிவித்தது.

"கேட்டியா?" என்றார் வெர்லின். "இந்தச் சத்தத்துல ஒரு மனுஷன் எப்படிச் சாவான்?"

முந்தின நாள் நர்ஸ் யோலாண்டா வந்திருந்தாள். அவருடைய விரல் நகங்களை அமுக்கிப் பார்த்தாள், பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு ஆர்டிஸை வெளியே பந்தல் துணிக்குக் கீழே அழைத்துப்போய், இன்றைக்கோ நாளைக்கோதான், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். ஆர்டிஸ் அழவில்லை. அவரை நகர்த்தலாமா என்று கேட்டாள். யோலாண்டாவுக்கு இது பழக்கம்தான்; கடைசி நேரத்தில் பலருக்கும் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிடும்.

"எந்த ஆஸ்பத்திரிக்கும்மா?"

"ஆஸ்பத்திரிக்கு இல்ல. பதினேழாம் நம்பருக்கு."

யோலாண்டா ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாலைவனத்துக்குக் குளிர்காயவரும் கிழவர்களை அவள் பல வருஷமாகப் பார்க்கிறவள். மேடு பள்ளம் பார்த்து ஓட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெர்லின் மினசோட்டாவில் டிராக்டர் உதிரிபாகம் விற்றவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி வாங்கினார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. வடக்கே பனி விழத் தொடங்கியதும் இரண்டு பேரும் அரிசோனாவுக்கு இறங்கிவிடுவார்கள். மற்றவர்கள் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி வைத்திருக்கும் இடத்தில் அவர் ரசமட்டம் வைத்திருப்பார். ஒரு முகாமில் கால் வைத்தால் முதல் காரியம், அடுத்தவன் மேசைமேல் அதை வைத்துக் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதும், நாக்கைச் சப்புக்கொட்டுவதும்தான். அவர் சப்புக்கொட்டிய இடத்தில் அன்று ராத்திரி யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

சாமுத்ரிகா லட்சணம் போல அவரிடம் இடத்துக்கும் லட்சணம் இருந்தது. கட்டில் ஜன்னலில் தண்ணீர் தெரிய வேண்டும். காற்று பின்னாலிருந்து வர வேண்டும். கழிவுத் தொட்டி காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். கழிப்பறை நடந்து போகிற தூரத்தில் இருக்கலாம், அதன் கதவு காதில் விழக் கூடாது. கதவுப் பக்கம் ஒரு மரம் அவசியம், நிழலில் நாற்காலி போட. இரண்டு மரம் இருந்தால் நிழலைவிடப் பறவை எச்சம் அதிகம். பக்கத்து வண்டிக்காரன் செவிடாக இருக்கலாம், ஆனால் செவிடன் மாதிரி பாட்டு வைக்கக் கூடாது. இத்தனையும் ஒருங்கே வாய்த்த இடம் பூலோகத்தில் ஒன்றே ஒன்று, அது இந்த ஏரிக்கரை முகாமின் பதினேழாம் நம்பர் என்பது அவருடைய தீர்ப்பு. அதில் அவர் ஒரு ராத்திரிகூடத் தங்கியது கிடையாது. தீர்ப்புக்குப் பலம் சேர்த்ததே அதுதான்.

இங்கே முன்பதிவு கிடையாது. முகாமைப் பார்த்துக்கொள்ளும் டெல்மர், ஆரஞ்சு நிற மேல்சட்டையும் பேட்டரி வண்டியுமாகத் திரிகிற பெரியவர், ஒரே ஒரு சட்டத்தை வைத்து ஆண்டு வந்தார்: சக்கரம் பட்டால்தான் இடம். நாற்காலி போட்டுப் பிடித்தவர்கள், மேசைவிரிப்பு விரித்துப் பிடித்தவர்கள், ஒரு தடவை மாமியாரை உட்காரவைத்துப் பிடித்தவர், எல்லோரையும் அவர் கிளப்பியிருக்கிறார். ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கவும் கூடாது. ஒவ்வொரு குளிர்காலமும் டோஃப்டே தம்பதி வந்து சேரும்போது பதினேழில் யாராவது இருப்பார்கள். இந்த வருஷம் நெப்ராஸ்காவின் பழைய இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கேலனும் அவர் மனைவி ட்வைலாவும் இருந்தார்கள். அவர்களுடைய கெடு இன்றைக்குக் காலையோடு முடிகிறது.

ஆகவே இன்றைக்கு வண்டி நகர வேண்டும். வெர்லினால் உட்காரக்கூட முடியாது. ஓட்டினால் ஆர்டிஸ்தான் ஓட்ட வேண்டும்.

ஆர்டிஸ் அந்த வண்டியைத் தொட்டு ஓட்டியதில்லை. இத்தனை வருஷமும் அவள் வேலை பின்னால் நின்று கை காட்டுவது. முகாம்களில் சாயங்காலப் பொழுதுபோக்கே அதுதான்: ஆளுக்கொரு நாற்காலியும் பீரும் வைத்துக்கொண்டு, புதிதாக வருகிறவன் வண்டியைப் பின்னோக்கி எடுப்பதையும், பெண்டாட்டி கை காட்டுவதையும், அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவளுக்கு வலது இடது கற்பிப்பதையும் பார்ப்பது. நாற்பது வருஷத் தாம்பத்தியத்தின் யோக்கியதை அந்த ஐந்து நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். வெர்லின் வண்டியில் இருக்கும் கீறல்கள் எல்லாமே, அவர் கணக்கில், ஆர்டிஸின் கைகள் போட்டவை. ஓட்டுகிறவனுக்கு மூளை வேண்டும், கை காட்ட இரண்டு கை இருந்தால் போதும் என்பார். அந்தக் கையும் இவளுக்கு ஒழுங்காக இல்லை என்று நண்பர்களிடம் சேர்த்துக்கொள்வார்.

தண்ணீர்க் குழாயைக் கழற்றினாள். மின்கம்பியைச் சுருட்டினாள். கழிவுக் குழாயை அலசி வைத்தாள். ஆக்சிஜன் இயந்திரத்தை நிறுத்திச் சிலிண்டரை மாட்டினாள். இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். ஸ்டீயரிங்கைப் பிடிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எப்போதும் அவளேதான் செய்துவந்தாள். ஆனால் இன்றைக்குக் குழாய் மூடியை இரண்டு தடவை தவறவிட்டாள். பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தால் கன்னம் சிவந்திருந்தது, நடனத்துக்குக் கிளம்புகிற பெண் மாதிரி. வெட்கமாகப் போய்க் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள்.

"நீ பின்னாடி எடுக்கப்போறியா?" என்றார் வெர்லின் கட்டிலிலிருந்து. மூச்சுக்கு நடுவே பேசினார். "அப்ப நான் முன்னாடியே போய்ச் சேந்துடறேன்."

"கொஞ்சம் பொறு. எடத்தப் பாத்துட்டுப் போ."

அவள் வண்டியை ஊர்ந்தபடி கொண்டுபோய்ச் சேர்த்தபோது பதினேழில் கூட்டம் கூடியிருந்தது. கேலன் வண்டிப் படியில் நின்று ஒரு சின்ன உரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். மனித வாழ்க்கையில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதே பெரிது என்றும், சாகக் கிடக்கும் நண்பனுக்காகத் தானும் ட்வைலாவும் இந்த இடத்தைத் தியாகம் செய்கிறோம் என்றும் சொன்னார். டெல்மர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கெடு பதினோரு மணியோட முடியுது, கேலன். தியாகத்த அதுக்குள்ள முடிச்சுக்குங்க."

கேலன் வண்டியைக் கிளப்பி வெளியே எடுத்து, சாலையோரம் நிறுத்திவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டார். காத்திருந்த இன்னும் இரண்டு வண்டிக்காரர்களும் தொப்பியைக் கழற்றி ஒதுங்கினார்கள். சாகிறவருக்கு வழிவிட்ட பெருமை எல்லோர் முகத்திலும் தெரிந்தது. ட்வைலா ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தை ஆர்டிஸிடம் ஜன்னல் வழியாக நீட்டினாள். கொத்துக்கறியின்மேல் உருளைக்கிழங்கு அடுக்கி வேகவைத்தது; அவர்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குக் கொடுப்பது.

"அவர் இன்னும் இருக்கார், ட்வைலா."

"தெரியும். ஃப்ரீசர்ல வச்சா கெடாது."

ஆர்டிஸ் வண்டியை முன்னால் கொண்டுபோய், நிறுத்தி, பின் கியரைப் போட்டாள். உடனே முகாமின் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால் வந்து கை காட்டத் தொடங்கினார்கள். வாழ்நாள் முழுக்க ஓட்டியே பழகியவர்கள், ஒருவருக்கும் கை காட்டத் தெரியாது. ஒருவர் வா வா என்றார். அவர் பக்கத்திலிருந்தவர் ஹோல்டான் என்றார். மூன்றாமவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டியது வரச்சொல்லவா, கடவுளைக் கூப்பிடவா என்று புரியவில்லை. அவர்களுடைய மனைவிமார் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். இடது கண்ணாடியில் ட்வைலா மட்டும் தெரிந்தாள். உள்ளங்கையை இடுப்புக்கு நேரே வைத்து, ஒரு விரலை லேசாக அசைத்தாள். ஆர்டிஸ் அந்த விரலையே பார்த்தாள்.

வண்டி பின்னோக்கிப் போயிற்று. இத்தனை பெரிய உருவம், கட்டிலும் கணவரும் கறிப் பாத்திரமும் உள்பட, தன் மணிக்கட்டு திரும்புகிற பக்கம் திரும்புகிறது என்பது அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. இடதுபக்கம் கல் அடுப்பும் மேசையும். வலதுபக்கம் மரம், மெஸ்கீட், சீமைக்கருவேலத்தின் பங்காளி. அந்தப் பக்கத்துக் காவலைக் கேலன் ஏற்றிருந்தார்.

"எடம் இருக்கு. வாங்க, ஒரு அடி இருக்கு."

"வலது பக்கம் பாரு," என்று பின்னாலிருந்து வெர்லினின் குரல் வந்தது. "ஆர்டிஸ். ஒடி. இடது பக்கம் ஒடி."

"வாய மூடிக்கிட்டுப் படு, வெர்லின்."

இப்படி அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்ன வேகத்தில் ஒரே ஒடிப்பில் வண்டி நேராக உள்ளே போய் நின்றது. ட்வைலாவின் விரல் மடங்கியது. வெளியே கை தட்டினார்கள், யாரோ விசில் அடித்தார்கள். ஆர்டிஸ் இரும்புக் கால்களை இறக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு, வண்டி தன்னைத்தானே மட்டம் செய்துகொள்ளும் ரீங்காரத்தினூடே கட்டிலுக்கு ஓடினாள்.

திரையை விலக்கினாள். ஜன்னல் நிறைய ஏரி. வெர்லின் பார்த்தார். அவருடைய விரல் போர்வைமேல் அசைந்தது. ஆமோதிக்கிறாரா சப்புக்கொட்ட வழியில்லாமல் அசைக்கிறாரா என்று தெரியவில்லை.

"மரம்," என்றார். "ரொம்பப் பக்கம்."

"உனக்கு எதுதான் சரியா இருந்திருக்கு?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எடுத்ததும் சொல்லத் தொடங்கிவிட்டாள். மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே எப்படிக் கொண்டுவந்தாள், எந்த இடத்தில் ஒடித்தாள், ஒடித்ததை எப்போது நேராக்கினாள், வண்டியின் வால் எப்படிச் சொன்ன பேச்சைக் கேட்டது, இதைப் போய் இத்தனை வருஷம் பெரிய வித்தை மாதிரி ஒருவர் வைத்துக்கொண்டிருந்தாரே. மூச்சு வாங்கச் சொன்னாள். சொல்லி முடித்துத் திரும்பியபோது கேட்க ஆள் இல்லை.

 சிலிண்டர் மட்டும் உஸ்ஸென்று மூக்குக்கு ஊதிக்கொண்டிருந்தது. அதை மூடினாள். அவருடைய கண்ணை மூடினாள். சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று போய்க் கதவைத் திறந்தாள். கதவு ஒரு அடி திறந்து மரத்தில் இடித்து நின்றது.

கேலன் சொன்னதில் பொய்யில்லை. சரியாக ஒரு அடி இருந்தது.

மறுபடி தள்ளிப் பார்த்தாள். வண்டிக்கு வேறு கதவு கிடையாது. ஓட்டுகிற இருக்கைக்குப் போய், பக்கத்து ஜன்னலைத் தள்ளித் திறந்து, மேலேயிருந்து கீழே பார்த்து, வெர்லின் போய்விட்டார் என்று சொன்னாள். கீழே தொப்பிகள் இறங்கின. அவள் இறங்கி வருவாள், தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லலாம் என்று எல்லோரும் காத்து நின்றார்கள். அவள் வரவில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் இருப்பவள் மாதிரி ஜன்னலிலேயே இருந்தாள்.

கேலன்தான் முன்னே வந்தார். "கடைசியா என்ன சொன்னாரு?"

எல்லா முகங்களும் நிமிர்ந்தன. ஆர்டிஸ் மரத்தைப் பார்த்தாள்.

"எடம் நல்லா அமைஞ்சிருக்குன்னாரு."

கேலனுக்கு அது போதுமானதாக இருந்தது. உத்தமர்களுக்கே உத்தமமான இடம் வாய்க்கும் என்றும், நாம் எல்லோரும் இந்தப் பூமியில் இரண்டு வாரக் கெடுவில் வந்தவர்கள் என்றும், மேலே ஒருவர் நமக்கெல்லாம் மட்டமான ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறார் என்றும் பேசினார். பேச்சின் போக்கில் வெர்லினின் கடைசி வாக்கியம் மூன்று வாக்கியமாக வளர்ந்து, அதில் ஒன்றில் கேலனுக்கு நன்றி சொல்லப்பட்டது. ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். ட்வைலா கதவையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். 

யோலாண்டா வந்து, டெல்மரின் ஏணியில் ஏறி, கட்டிலோரம் அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ஜன்னல் வழியாகத் தலைகுப்புற உள்ளே இறங்கினாள். வெர்லினின் கால்மாட்டில் எழுந்து நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, நாடியைப் பார்த்து, முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். எப்போது நேர்ந்தது என்று கேட்டாள். நான் பேசிக்கொண்டிருந்தபோது என்றாள் ஆர்டிஸ். யோலாண்டா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்போதும் ஆர்டிஸின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. பாவம், தாங்கவில்லை என்று நினைத்து யோலாண்டா முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

சவ வண்டி வந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட இருவர் தள்ளுகட்டிலை இறக்கி, கதவைப் பார்த்து, மரத்தைப் பார்த்து, மரியாதையாக இருமினார்கள். அதே ஜன்னல் வழியாக இறக்கிவிடலாமே, நாங்கள் கீழே பிடித்துக்கொள்கிறோம் என்றார் கேலன்.

"அவர் மெத்தை இல்ல, கேலன்," என்றாள் ஆர்டிஸ்.

வண்டியை முன்னால் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. டெல்மர் ஓட்டும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். ஆரஞ்சு மேல்சட்டையின் பொத்தானைப் போட்டார், கழற்றினார்.

"சட்டம்னு ஒண்ணு இருக்கு, ஆர்டிஸ். சக்கரம் வெளிய வந்துட்டா எடம் காலின்னுதான் அர்த்தம். நான் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"தெரியும்."

"ஆனா ஒருத்தரும் வர மாட்டாங்க. சாவு நடந்த எடம். மனுஷங்கதானே."

அவள் வண்டியைக் கிளப்பி, ஊர்வது போல முன்னால் கொண்டுவந்து, சாலையில் நிறுத்தினாள். கதவு விசாலமாகத் திறந்தது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் ஏறினார்கள். வெர்லினைத் துணியில் சுற்றி, வார் போட்டுக் கட்டி, படியில் ஒரு தடவைகூட இடிக்காமல் இறக்கினார்கள். அவள் பின்னாலேயே இறங்கிப் போய், துணியின்மேல் கை வைத்தாள். ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் ஜெபம் சொல்லத் தொடங்கினார்.

ஜெபத்தின் நடுவில் ஒரு டீசல் இஞ்சின் உறுமியது.

தலையைத் திருப்பாமலே ஆர்டிஸுக்கு அது கேலனுடைய வண்டி என்று தெரிந்தது. வரிசையில் கேலன் இல்லை. குளிர்காலத்தில் இஞ்சினை அவ்வப்போது சூடாக்கி வைக்க வேண்டும் என்று பக்கத்தில் யாரோ தாழ்ந்த குரலில் விளக்கம் சொன்னார்கள். கெடு முடிந்தால் இடத்தை விட்டுப் போக வேண்டும் என்றுதான் சட்டம். எத்தனை நேரம் கழித்துத் திரும்பி வரலாம் என்று சட்டத்தில் இல்லை. ஒதுங்கி வழிவிட்ட மற்ற இரண்டு வண்டிக்காரர்களும் ஜெபத்தில் இருந்தபடியே சாவியைத் தடவிப் பார்த்தார்கள். டெல்மர் தரையைப் பார்த்தார். ட்வைலா ஆர்டிஸைப் பார்த்தாள், பிறகு பதினேழைப் பார்த்தாள், இடுப்புக்கு நேரே ஒரு விரலை அசைத்தாள்.

ஆர்டிஸ் துணியின்மேலிருந்து கையை எடுத்தாள். "ஒரு நிமிஷம்," என்றாள் கறுப்புக் கோட்டுக்காரர்களிடம்.

ஏறினாள். கதவைச் சாத்தினாள். பின் கியர் விழுந்தது. இந்தத் தடவை பின்னால் யாரும் கை காட்டவில்லை. எல்லோரும் ஜெபத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கேலனின் வண்டி மூக்கை நீட்டுவது கண்ணாடியின் ஓரத்தில் தெரிந்தது. அவள் ஒடித்தாள். மரத்தை அதற்கு உரிய தூரத்தில் வைத்தாள், நாற்காலி போடலாம், இரண்டு நாற்காலிகூடப் போடலாம். வால் மேசையைத் தாண்டியது, அடுப்பைத் தாண்டியது. நேராக்கினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு முழம். ஏரி பின்ஜன்னலில் ஏறி வந்து நின்றது. காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் பொத்தானை அமுக்கினாள், இரும்புக் கால்கள் நான்கும் இறங்கி மண்ணைப் பிடித்தன. கேலனின் இஞ்சின் அணைந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

கதவைத் திறந்தாள். முழுதாகத் திறந்தது. படியில் இறங்கி, மரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சாலைப் பக்கம் திரும்பினாள்.

சவ வண்டி எப்போது கிளம்பிப் போனது என்று அவள் கவனிக்கவில்லை.